போதகரை நனைக்காத ஆறு

போதகர் அப்தியாஸ் இறங்கினால் ஆறு இரண்டு முழம் விலகி நிற்கும். கோடையில் ஒன்றரை. பூக்காயாக்கு கிராமத்தில் பதினோரு வருடமாக இதுதான் வழக்கம். கழுத்தளவு ஆழத்துக்குப் போனாலும் தண்ணீர் அவரைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி எழும்பிக்கொள்ளும். அடியில் அவர் காலணியோடு சேற்றில் நின்று ஜெபம் பண்ணுவார். ஞானஸ்நானம் வாங்க வந்தவரும் பக்கத்தில் ஒரு சொட்டு ஈரமில்லாமல் கைகட்டி நிற்பார். மலைமேல் அம்பாத்தோ ஊரிலிருந்து வந்த போதகர் முதல் தடவை இதைக் கண்டதும் மோசேக்குக் கடல் பிளந்தது போலத் தனக்கும் நடந்துவிட்டதாக மகிழ்ந்து தலைமைச் சபைக்குக் கடிதம் எழுதினார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: மோசேயின் வேலை தாண்டுவது, உமது வேலை முக்குவது. தெளித்தால் செல்லாது, முழுக்குத்தான் கணக்கு என்று அடியில் கோடும் போட்டிருந்தார்கள்.

ஆறு விலகும் இடத்தில் மீன் தரையில் துள்ளும் என்பதை இரண்டாம் வருடமே பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒருவர்கூடத் தவறியதில்லை. போதகர் கண்ணை மூடி நீண்ட ஜெபம் செய்யச் செய்ய, கூடைகள் கெளுத்தியால் நிறையும். சேற்றுக்குள் கைவிட்டபடியே எல்லோரும் உரக்க ஆமென் சொல்வார்கள். மனமாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது, ஈரம்தான் பற்றவில்லை என்று அவர் அறிக்கை அனுப்பினார்.

தோமித்திலா கிரேஃபாவுக்கு மீன் பெரிதல்ல. நான்காம் வருடம் அவள் புருஷன் காமிலோவை விரியன் கடித்தபோது, போதகரின் மருந்துப் பெட்டியிலிருந்த ஊசிதான் அவனை எழுப்பி உட்கார வைத்தது. ஆஸ்பத்திரிக்குப் படகில் மூன்று நாள். ஆகவே ஜூன் மாதம் தலைமைச் சபையின் மேற்பார்வையாளர் வருகிறார், அவர் கண்முன் ஒருவராவது முழுகாவிட்டால் ஊழியத்தை மூடிப் போதகரையும் பெட்டியையும் வேறு ஆற்றுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்த நாளில், அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மழைக்காலம் வரும், விரியனும் வரும்.

அஸ்வா என்கிற மரவள்ளிக் கள்ளைப் புளிக்க வைப்பதற்காகப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெந்த மரவள்ளியை மென்று பானையில் துப்பிக்கொண்டிருந்தார்கள்.

“ஆறு அவரை ஏன்டி தொடமாட்டேங்குது?”

“மலைக்காரரு. சோப்பு வாசம் பிடிக்கலையோ என்னமோ.”

“மழை பேஞ்சாத்தான் குளிக்கிற மனுஷன்கிட்ட சோப்பு வாசம் எங்கேருந்துடி வரும்?”

தோமித்திலா மெல்வதை நிறுத்தினாள். அந்த ஊரில் வந்தவர் யாரானாலும் சட்டியில் அஸ்வா கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் தலையில் ஊற்றிவிடுவார்கள். சம்பந்தி, வாத்தியார், தேர்தல் அதிகாரி யாருக்கும் விலக்கில்லை. வந்த அன்று வயிறு சரியில்லை என்று சொன்ன போதகரை மட்டும், கையில் மருந்துப் பெட்டி இருந்த மரியாதைக்காக விட்டுவிட்டார்கள். பதினோரு வருடமாக அவருக்கு வயிறு சரியாகவில்லை.

“தப்பு நம்ம மேலதான்,” என்றாள் தோமித்திலா. “வாயிலயும் வாங்கல, தலையிலயும் வாங்கல. அப்புறம் ஆறு மட்டும் அவரை நம்ம ஆளுன்னு எப்படிடி தெரிஞ்சுக்கும்?”

மேற்பார்வையாளர் எஃப்ராயின் பளபளக்கும் காலணியும் நோட்டுப் புத்தகமுமாக வந்திறங்கினார். போதகர் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, தன் சவ அடக்கத்துக்குத் தானே வந்தவர் போல் கரையில் நின்றார். முழுக்குப் பெறப்போகிற தோமித்திலா அவர்முன் சட்டியை நீட்டினாள்.

“குடிங்க ஐயா.”

“வயிறு சரியில்ல தங்கச்சி.”

“தெரியும் ஐயா,” என்று தலையில் கவிழ்த்தாள்.

மேற்பார்வையாளரின் பேனா நின்றது. வெள்ளையாக, புளித்த வாசனையோடு, நெற்றி வழியே இறங்கியது அஸ்வா. புருவத்தில் ஒரு மரவள்ளி நார் தொங்கியது. போதகர் உதட்டோரத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு,” என்றார், ஏமாற்றப்பட்டவர் போல. பிறகு ஆற்றில் கால் வைத்தார்.

“நனையுது! தோமித்திலா, நனையுது!”

அடுத்த அடியில் ஆள் காணாமல் போனார். பதினோரு வருடத்தில் நீந்தக் கற்றுக்கொள்ளும் தேவையே வந்ததில்லை. காமிலோ குதித்து அங்கியைப் பிடித்துத் தூக்கினான். இருமலும் சிரிப்புமாக வெளியே வந்தவர், “இவ்ளோ ஜில்லுன்னு இருக்கும்னு ஒருத்தர்கூட சொல்லலையே!” என்றார். காமிலோ அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அவர் தோமித்திலாவை முக்கினார். தண்ணீருக்குள் அவள் விட்ட பெருமூச்சு குமிழ் குமிழாக மேலே வந்து வெடித்தது. மேற்பார்வையாளர் எழுதினார்: ஒருவர், முழுமையாக. பெட்டி கிராமத்திலேயே இருக்கும் என்று கையெழுத்தும் போட்டார்.

கூடை கொண்டுவந்த பெண்கள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மேற்பார்வையாளர் காலணிச் சேற்றைக் கழுவ ஆற்றோரம் குனிந்தார். ஆறு இரண்டு முழம் தள்ளிப் போனது. ஒரு பெண் பரபரப்பாகச் சட்டியைத் தூக்கினாள். தோமித்திலா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அவருக்கு வேணாம்டி. வயித்துக்கு ஒத்துக்காது. கூடையை எடு.”

இப்போதும் அவர் வருடம் தவறாமல் ஜூனில் வருகிறார். ஆற்றில் நின்று ஜெபிக்கச் சொல்லி ஊரே கெஞ்சும். இத்தனை பக்தியை வேறெங்கும் பார்த்ததில்லை என்று அவரும் இறங்கி நெடுநேரம் ஜெபிப்பார். அன்று ஒரு நாள் மட்டும் பூக்காயாக்குவில் எந்த வீட்டு வலையும் நனைவதில்லை.