அடியில் போட்ட கடுகு

"இன்னிக்கு ஏன் முகம் வாடியிருக்கு?" என்று ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்பதற்கு அந்தப் பேருந்து நிலையத்தில் விலை நாற்பத்தைந்து ரூபாய். காசைக் கொடுப்பவரும் அவரே, கேட்பவரும் அவரே. பதிலுக்குக் கடையில் நிற்கிற அவள் கொடுத்தது ஒரு ஹாட் டாக், அவ்வளவுதான். இப்படி இரண்டு பக்கத்து லாபமும் தனக்கே விழுகிற வியாபாரத்தைப் புத்தியுள்ள எவரும் வெளியே சொல்ல மாட்டார்கள். அவளும் ஆறு வருடமாக மூச்சு விடவில்லை.

ஏழாம் நடைமேடையில் ஒரு ஜன்னல் அளவுக் கடை. முதலாளிக்கு இப்படி ஐந்து ஜன்னல்கள் உண்டு. இதில் நிற்பவள் அவள். சாசேஜ் என்கிற இறைச்சிக் குழலைக் கொதிக்கிற நீரில் போட்டால் தோல் வெடித்து ருசி தண்ணீரோடு போய்விடும். நேராகக் கல்லில் போட்டால் வெளியே கருகி உள்ளே ஜில்லென்று இருக்கும். அதனால் ஆவி மட்டும் பறக்கிற வெந்நீரில் ஆறு நிமிடம் கிடத்தி, துடைத்து, சாய்வாக மூன்று கீறல் போட்டு, அப்புறம் கல்லுக்கு மாற்றுவாள். பன்னை வெண்ணெய் தடவி உள்பக்கம் மட்டும் வாட்டுவாள். மேலே என்ன போடுவது என்பது வாங்குகிறவர் பாடு. ஆனால் அதை வைத்துத்தான் ஆளை எடை போடுவாள். கெட்ச்அப் மட்டும் கேட்பவர்கள் குழந்தைகள், அல்லது அந்த வயதிலேயே நின்றுபோனவர்கள். எல்லாவற்றையும் போடச் சொல்பவர்களுக்கு வீட்டில் பேச்சு எடுபடாது. பேர் ஊர் எதுவும் கேட்கமாட்டாள்; கடுகு ரெண்டு கோடு கேட்கிற எட்டாம் நம்பர் ஓட்டுநர் அவளுக்கு 'ரெண்டு கோடு', டிக்கெட் கவுண்டர் பெண் 'சீஸ் மட்டும்'.

முகம் வாடியிருப்பதைக் கேட்கிற தையல்காரப் பெரியவர் 'கருகல்'. வெங்காயம் பொன்னிறமாக வந்தால் போதாது, ஓரம் கறுக்க வேண்டும். மூன்று துண்டு ஊறிய வெள்ளரி. கடுகு சாஸ் மட்டும் சாசேஜுக்கு அடியில், பன்னோடு ஒட்டி. முதல் நாள் அவள் வழக்கம்போல மேலே பிதுக்கியதும் மனிதர் பதறிப்போனார்.

"ஏம்மா, மேல போட்டா ருசி எனக்கா என் சட்டைக்கா?"

"அப்ப குனிஞ்சு சாப்பிடுங்க."

"நாப்பது வருஷம் மெஷின்ல குனிஞ்சாச்சு. இனிமே நிமிர்ந்துதான் திம்பேன். அடியில போடு, உள்தையல் மாதிரி. இருக்கணும், தெரியக் கூடாது."

அன்றிலிருந்து ஆறு வருடமாகத் தினமும் மூன்றே முக்காலுக்கு வருவார். நாலு மணி வண்டிக் கூட்டம் இறங்குவதற்குள் ஜன்னலில் சாய்ந்து சாப்பிடுவார். சாசேஜைத் தூக்கிக் கடுகுக் கோட்டைப் பார்த்து, "இன்னிக்குக் கொஞ்சம் கோணிடுச்சு, ராத்திரி தூங்கலையா?" என்பார். தூங்கியிருக்க மாட்டாள். அவள் அறையில் பக்கத்து வீட்டு டிவி சுவர் வழியாகப் பேசும், அதுதான் பேச்சுத்துணை. மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் வைத்துவிடுவாள். ஒரு கடுகுக் கோட்டை வைத்துத் தன் தூக்கத்தைக் கண்டுபிடிக்கிற ஆள் உலகத்தில் இன்னொருவர் இல்லை என்பது அவர் வராத ஒன்பதாவது நாள்தான் அவளுக்கு உறைத்தது.

அன்று மூன்று மணிக்கு ரெண்டு கோடு வந்தான். அவள் பெரியவரைப் பற்றிக் கேட்டதும், "தெரியாதாக்கா? போன வாரம் என் வண்டியிலதான் மயங்கி விழுந்தாரு. வண்டியோட பெரியாஸ்பத்திரியில கொண்டுபோய் எறக்குனேன். பொழச்சாரா என்னன்னு தெரியல" என்றான்.

வெங்காயத்தைக் கருக வைத்தாள். கடுகை அடியில் இழுத்தாள். கோடு நேராக வந்தது. காகிதத்தில் சுற்றி, ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். அவள் இந்தக் கடைக்கு வந்த பதினொரு வருடத்தில் அந்த நேரத்தில் ஷட்டர் இறங்கியது அதுதான் முதல் தடவை. 'சீஸ் மட்டும்' டிக்கெட் கவுண்டரிலிருந்து எழுந்து நின்று பார்த்தாள்.

ஆஸ்பத்திரி மேஜைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "பேஷண்ட் பேரு?" என்றாள்.

அவள் வாயைத் திறந்தாள். ஆறு வருடத்தில் ஆயிரத்தைந்நூறு ஹாட் டாக்காவது இருக்கும். ஒரு பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"பேரு தெரியாதும்மா. தையல்காரரு. வெங்காயம் கருகியிருக்கணும். கடுகு அடியில..."

வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்தார். நர்ஸ் சிரிக்கவில்லை, தலையை நிமிர்த்தினாள்.

"ஓ, அவரா! மூணாவது மாடி. தலகாணி உறையில தையல் கோணியிருக்குன்னு எங்க உயிர எடுக்கறாரே, அவர்தானே?"

"உசுரோட இருக்காரா?"

"அதான் சொன்னேனே, எங்க உயிர எடுக்கறாருன்னு. ஆனா பாக்க முடியாதுக்கா. ஆபரேஷன் வார்டு, உறவுக்காரங்களுக்கு மட்டும்தான். நீங்க என்ன வேணும் அவருக்கு?"

மகள் என்று சொல்லலாம். தங்கச்சி என்று புளுகலாம். மேஜையில் யாரும் ரேஷன் கார்டு கேட்கப்போவதில்லை. விலை பேசுகிறவர்களிடம் நூறு பொய் சொல்லிப் பழகிய வாய்தான். இந்த ஒரு பொய்க்கு மட்டும் வரமாட்டேன் என்றது.

"ஒண்ணும் வேணாம்" என்றாள். "இதை மட்டும் குடுத்துருங்க."

"அவருக்குக் கஞ்சி மட்டும்தான்க்கா. இதெல்லாம் ஆகாது."

"சாப்பிட வேணாம். பிரிச்சுப் பாத்தா போதும்."

யார் வந்ததாகச் சொல்வது என்று நர்ஸ் கேட்கவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு லிஃப்ட்டுக்குள் போனாள். சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லோரும் இரண்டிரண்டு பேராக, மூன்று மூன்று பேராக உட்கார்ந்திருந்தார்கள். அவள் நின்றாள். கையில் வெண்ணெய் வாசனை. சுவர்க் கடிகாரத்தில் நாலு தாண்டிவிட்டது.

நர்ஸ் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"சாசேஜைத் தூக்கி அடியில பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ஒரே சத்தம்."

"என்னன்னு?"

"நாலு மணி வண்டி வர்ற நேரத்துல கடைய யாரு பாத்துக்கறா, இங்க என்ன வேலை அவளுக்கு, போகச் சொல்லுன்னு. வேற ஒண்ணும் சொல்லல. பொட்டலத்தக் கேட்டேன், தரமாட்டேங்கறாரு. தலகாணிக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டிருக்காரு."

போகச் சொன்னதால் போனாள்.

ஷட்டரைத் தூக்கியபோது நாலு மணிக் கூட்டம் கலைந்துபோயிருந்தது. எப்போதோ வரப்போகிற பேருந்துக்கு ஏழெட்டுப் பேர் நின்றார்கள், அவர்களுக்கு விற்றாள். கெட்ச்அப், கெட்ச்அப், எல்லாம் போட்டு ஒன்று. கடுகு கேட்டவர்களுக்கும் மேலேதான். இருட்டுகிற நேரத்தில் முதலாளியின் ஆள் வருவதற்கு முன் கல்லைச் சுரண்டித் துடைத்து, அன்றைய கணக்குத் தாளை எடுத்தாள்.

காலையில் வந்த சாசேஜ் எண்பது. விற்றது ஐம்பத்திரண்டு. வீண் இரண்டு. மிச்சம் இருபத்தைந்து. கூட்டினாள், எழுபத்தொன்பது. விற்றதில் ஒன்றைக் கூட்டிக் கைக்காசைப் போட்டுவிடலாம். வீணில் ஒன்றைக் கூட்டித் தரையில் விழுந்தது என்று சொல்லிவிடலாம். பேனா இரண்டு கட்டத்துக்கும் மேலே கொஞ்ச நேரம் நின்றது. கொடுத்ததை எழுத வேறு கட்டம் அந்தத் தாளில் இல்லை.

ஒன்று குறைய, அப்படியே கையெழுத்துப் போட்டாள்.