மூன்றாவது பூட்டு

அப்பா வீட்டு வாசற்கதவு திறந்திருக்கும்போது பூட்டில் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பும். மூடிவிட்டால் அடம்பிடிக்கும். அப்பா இரண்டு முறை பூட்டையே மாற்றிவிட்டார். மூன்றாவது பூட்டும் அன்று காலை மூடியபடியே இறுகிக்கொண்டது. தம்பிக்குப் பெண் கொடுப்பவர்கள் வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

நானும் என் கணவரும் சமையலறைக் கதவு வழியாக உள்ளே வந்தோம். அவருக்கு அது பழகிய வழி. ஆறு வருடத்துக்கு முன் இந்த வீட்டு அலமாரிகளைச் செய்ய வந்த தச்சர் அவர். அப்போது தினமும் அந்த வழியாகத்தான் வருவார். அவரைக் கட்டிக்கொண்டதிலிருந்து, ஓய்வுபெற்ற நீதிபதியான என் அப்பா எங்களைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

கூடத்தில் என் கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அப்பா தம்பியின் கல்யாணப் பத்திரிகை மாதிரியை என்னிடம் நீட்டினார். என் கணவர் பெயருக்குப் பக்கத்தில் ‘தொழிலதிபர்’ என்று அச்சாகியிருந்தது.

“யாருப்பா இது?”

“பின்ன, மரவேலைன்னா போட முடியும்? வர்றவங்க கேட்டாலும் இதையே சொல்லு. உன் தம்பி வாழ்க்கைம்மா.”

நான் கல்லூரியில் பழைய நாவல்கள் நடத்துகிறவள். பெரிய வீட்டுப் பெண் ஏழையைக் காதலிப்பாள். கடைசி அத்தியாயத்தில் அவன் ஒரு பெரிய குடும்பத்தின் தொலைந்த வாரிசு என்று தெரியவரும். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் அப்பாவும் ஆறு வருடமாக அந்தக் கடைசி அத்தியாயத்துக்காகத்தான் காத்திருந்தார். வரவில்லை என்றதும் தானே எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “வந்ததுதான் வந்தாச்சு. அந்தக் கதவைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லேன்.”

“தொழிலதிபர் கதவெல்லாம் பார்ப்பாராப்பா?”

“வாய் மட்டும் குறையல இவளுக்கு,” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

என் கணவர் எழுந்துவிட்டார். வந்தவுடனேயே கதவுக்கு மேலிருந்த இடைவெளியைக் கண்ணால் அளந்துவிட்டிருந்தார், எனக்குத் தெரியும். ஆனால் அவர் போய்க் கதவருகே நின்றால், வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவர் கையிலிருக்கும் திருப்புளியைத்தான். அப்புறம் அவரை யார் என்று அறிமுகப்படுத்தவே தேவையிருக்காது.

“நீங்க உக்காருங்க. என்ன செய்யணும்னு சொல்லுங்க, நான் செய்றேன்.”

“இந்தப் புடவையோடயா?”

“ஏன், புடவை ஸ்டூல் ஏறாதா?”

அவர் சிரித்துவிட்டு, காலை நீட்டி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “கைப்பிடியை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சாவியைத் திருப்பு.”

தூக்கினேன். திரும்பியது. கதவு திறந்ததும் அப்பா பூட்டைப் பார்த்தார். நான் எதிர்ப்பக்கம், மேல் கீலைப் பார்த்தேன். அங்கே ஒரு திருகாணி பல் ஆடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

“கதவு நுனியைத் தூக்கி அடியில ஏதாவது முட்டுக் குடு,” என்றார் என் கணவர்.

கையிலிருந்த பத்திரிகையை எட்டாக மடித்துச் செருகினேன். சரியான கனம்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டேன். வாசலில் கார் வந்து நின்றபோது நான் ஸ்டூல் மேல் நின்று, என் கணவரின் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து எடுத்து வந்த ஆணியைத் திருகிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா படியில் தயங்கி நின்றார்.

“நீங்க…?”

“வாங்கம்மா. மாப்பிள்ளையோட அக்கா. காலேஜ்ல பாடம் எடுக்கறேன். உள்ள உக்காந்திருக்காரே, என் வீட்டுக்காரர். தச்சர்.”

அப்பா தொண்டையைச் செருமினார். அந்த அம்மா உள்ளே பார்த்தார். என் கணவர் எழுந்து கைகூப்பினார்.

“பூட்டு கெட்டுப்போச்சா?” என்று கேட்டார் அந்த அம்மா.

எல்லோரும் உள்ளே வந்ததும், பத்திரிகையை உருவியெடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கதவை மூடினேன். சாவியை அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கித் திருப்பினார்.

பூட்டில் கோளாறே இல்லை. மேல் கீல் தளர்ந்து கதவு அரை விரல் தொங்கியிருந்தது. குட்டை ஆணியைக் கழற்றிவிட்டு, நிலையின் உள்மரம் வரை போகிற மூன்று அங்குலத் திருகாணியைப் போட்டதும் சாவி திரும்பியது.