எர்மெலிண்டா வீட்டுப் பங்கு

தொடர்ந்து மூன்றாவது செவ்வாய்க்கிழமையாக எர்மெலிண்டாவின் கிதார் வகுப்பு நடுவிலேயே அறுந்தது. திரையில், கடலுக்கு அப்பாலிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி வாயைத் திறந்தபடி உறைந்து நின்றாள். இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் வேறு ஆசிரியரைத் தேடிக்கொள்வதாகப் பிறகு எழுதியும் அனுப்பினாள். எர்மெலிண்டாவுக்கு இருந்தவள் அந்த ஒரு மாணவிதான்.

எதிர்வீட்டுச் சுலேமாவும் கிதார்தான் கற்பித்தாள். அவளுக்கு ஒன்பது மாணவர்கள். பாதிப் பேர் திரையில், பாதிப் பேர் நேரில். அவள் ஜன்னலிலிருந்து பிசகாமல் வந்த இசை எர்மெலிண்டாவின் காதில் காய்ச்சிய ஈயமாக இறங்கியது.

கொர்தோபா மலையின் அந்த ஊருக்கு எந்தக் கம்பெனியும் இணையம் தரவில்லை. கூரைக்குக் கூரை ஆன்டெனா நட்டு, ஒருவர் வீட்டு வழியே அடுத்தவருக்கு அலையைக் கடத்தி, ஊராரே வலை பின்னியிருந்தார்கள். எல்லா வீட்டுக்கும் சமபங்கு என்பது விதி. சுலேமாவுக்கு மட்டும் கூடுதலாகப் போகிறது என்பதில் எர்மெலிண்டாவுக்கு ஐயமே இல்லை.

சனிக்கிழமை ஊர்க்கூட்டத்தில், கைமாறிச் சுற்றிவந்த மாத்தே பானக் குவளை தன் கைக்கு வருமுன்பே அவள் எழுந்துவிட்டாள்.

"எவரிஸ்டோ, வலையைப் பார்த்துக்கறவன் நீதானே? சுலேமா பல்லைக் காட்டினா அவளுக்கு மட்டும் அள்ளிக் குடுப்பியா?"

"அடியே, ஆன்டெனா மாட்ட வந்தவனுக்கு எம்பனாடா சுட்டுக் குடுத்தது நீ. நான் தண்ணிகூடக் குடுக்கல," என்றாள் சுலேமா. கூட்டம் சிரித்தது.

எவரிஸ்டோ ஒவ்வொரு வீட்டின் பயன்பாட்டையும் சுவரில் ஒளிக்கோடுகளாகக் காட்டினான். சுலேமாவின் கோடு வகுப்பு நேரத்தில் எழுந்து, பின்பு படுத்தது. எர்மெலிண்டாவின் கோடு ஒருநாளும் படுக்கவில்லை.

"பங்கு எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா. உங்க பங்கை உங்க வீட்டுலயே ஏதோ ஒண்ணு ஓயாம தின்னுது. மூணு வாரமா படம் படமா வெளியே அனுப்பிக்கிட்டே இருக்கு."

அவள் வாசலில் மூன்று வாரத்துக்கு முன் முளைத்த கேமராவை ஊரே அறியும். திருடனுக்காக என்று அவள் சொல்லியிருந்தாள். அதன் கண் பார்த்ததோ சுலேமாவின் கதவை: யார் வருகிறார்கள், எத்தனை பேர், எவ்வளவு நேரம்.

"திருடன் என் வீட்டுக்குத்தான் வருவான்னு முடிவே பண்ணிட்டியா?" என்று சுலேமா குவளையை அவளிடம் நீட்டினாள். எர்மெலிண்டா அதை வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்பு, அவள் கேமராவின் வயரைப் பிடுங்கினாள். திரையில் மாணவியின் முகம் தடையின்றி அசைந்தது. ஒவ்வொரு தந்தியும் தெளிவாகக் கேட்டது. பாட்டின் பாதியில் எதிர்வீட்டுக் கதவு கிறீச்சிட்டது. பத்தாவது ஆளோ? எர்மெலிண்டாவின் விரல் தந்தியிலேயே நின்றது.

"டீச்சர், மறுபடியும் அறுந்துடுச்சா?"

"இல்லம்மா, நல்லாத்தான் கேக்குது," என்ற எர்மெலிண்டா, நாற்காலியைத் திருப்பி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.