ஐந்து புட்டிப் பால்

மனைவி துணிக்கடை வேலை முடிந்து திரும்பிய பிறகுதான் பஸ் ஓட்டுநரான அவனுக்கு வேலை. அதுவரை இரண்டு வயது மகள் அவன் பொறுப்பு.

மகளோ கரண்டியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வாள். கிண்ணத்தைத் தட்டிவிட்டு அலறுவாள். அவள் அழுதால் அவனுக்குத் தாங்காது. புட்டி நிறையப் பாலைக் கொடுத்தால் கப்சிப். ஒரு புட்டி நாளடைவில் ஐந்தானது. கொழுகொழுவென்று இருந்தவளை அக்கம்பக்கத்தார் 'பூசணி' என்று கொஞ்சினார்கள். பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன குறை?

"சாப்பிட்டாளா?" என்று கடையிலிருந்து மனைவி போன் செய்வாள்.

"ஒரு பிடி பிடிச்சிட்டா," என்பான். பிசைந்து வைத்ததெல்லாம் அவன் வயிற்றுக்குள் போயிருக்கும். மனைவி வீடு திரும்புவதற்குள் மகள் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கியிருப்பாள்.

சில மாதங்களில் பூசணி ஓடுவதை நிறுத்தினாள். பந்தை உருட்டிவிட்டால் வெறுமனே பார்த்தாள். தெரிந்த நாலைந்து சொற்களும் ஒவ்வொன்றாய்க் காணாமல் போயின. ஒருநாள் கட்டிலோரச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. அவள் உதட்டில் வெள்ளைத் தூள். இருவரும் பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "என்ன சாப்பிடறா?" என்று கேட்டார்.

"பருப்பு, கீரை, முட்டை எல்லாம் சாப்பிடுவா டாக்டர். இவர்தான் ஊட்டுறார்," என்றாள் மனைவி.

அவன் குறுக்கிட்டான். "இல்ல... வெறும் பால்தான். அழுவா. கொடுத்துடுவேன்."

மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பால்ல இரும்புச்சத்து ரொம்பக் கம்மிங்க," என்றார் டாக்டர். "வயிறு ரொம்பிடும், ரத்தம் ஊறாது. சுண்ணாம்பைத் தின்னதும் அதனாலதான். இந்த வயசுலதான் மூளை மளமளன்னு வளரும். அதுக்கும் அந்தச் சத்து வேணும்."

"சரியாயிடுமா?"

"மருந்து கொடுத்தா ரத்தம் சில மாசத்துல ஏறிடும். பேச்சும் புத்தியும் முழுசா வந்துடும்னு சத்தியம் பண்ண முடியாது."

புட்டியை நிறுத்திய முதல் மூன்று நாள் வீடு ரெண்டுபட்டது. நான்காம் நாள் அரை முட்டையை மென்று விழுங்கினாள். அவன் சமையலறைக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்துத்தான் மனைவி வாய் திறந்தாள். "அவ அழறதைப் பார்த்திருந்தா நானும் பாலைத்தான் கொடுத்திருப்பேன். ஆனா பொய் சொன்னீங்களே."



இப்போது பூசணி ஓடுகிறாள். சொற்களும் திரும்பிவிட்டன. ஆனால் அவளைவிட இளைய பக்கத்து வீட்டுக் குழந்தை கோர்வையாகப் பேசும்போது, இவள் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறாள். வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சிக்கு அவன்தான் அழைத்துப் போகிறான். அங்கே படத்தைக் காட்டினால் பெயர் அவள் வாய்வரை வந்து நிற்கும். அவன் எடுத்துக் கொடுப்பதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான்.