யமுனா வைத்த ஒப்பாரி

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரும் பிள்ளை அன்றைக்கு வரவில்லை. யமுனா அரியமங்கலத்துக்குப் போன் போட்டாள். அக்கா புருஷன் இளவரசன் வெடுக்கென்று முடித்துவிட்டான்.

"சுபலட்சுமி இனிமே அங்க வர மாட்டா. எங்க மானத்தை ஊர் பூரா கப்பலேத்திட்டு, கொஞ்சுறதுக்கு மட்டும் புள்ள வேணுமா?"

யமுனாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்துப் பிழைக்கிறவள் அவள். அக்கா தேவதர்ஷினி போன வருஷம் போய்ச் சேர்ந்த பிறகு, அக்கா பெற்ற அந்த ஒரு பிள்ளைதான் அவளுக்கு உசிரு. "அப்படி என்ன மாமா பண்ணிட்டேன்?" என்று கேட்டால் பதிலுக்கு வாட்ஸப்பில் ஒரு லிங்க் வந்தது. தொட்டாள். அவள் குரலே அழ ஆரம்பித்தது.

*ராகுகாலம் முடியட்டும்னு ஆட்டோவை நிறுத்துனியே,*
*மாமியாரு அழகம்மா, எங்கக்கா மூச்சை நிறுத்துனியே...*

அக்காவின் எழவு வீட்டில் அவள் வைத்த ஒப்பாரி! அதில் ஒரு சொல் பொய் கிடையாது. நெஞ்சு வலிக்குதென்று துடித்தவளை, ராகுகாலம் கழியட்டும் என்று வீட்டிலேயே வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பந்தலில் இருந்த அத்தனை பேரும் இதைக் கேட்டார்கள், அழகம்மாள் உட்பட. யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒப்பாரியில் ஒருத்தி எதைச் சொல்லி அழுதாலும் பந்தல் பிரித்த பிறகு அதை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். அதுதான் அவர்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு அழகம்மாளே காபி கொண்டுவந்து கொடுத்து, "அழுது தீத்துடுடி, உள்ள வெச்சுக்காத" என்று முதுகைத் தடவிவிட்டாள். வாராவாரம் பேத்தியை அனுப்பி வைத்தவளும் அவள்தான்.

இப்போது அந்த அழுகை இன்டர்நெட்டில் கிடக்கிறது. வரிவரியாக எழுத்திலும் போட்டிருக்கிறார்கள். அழகம்மாள், அரியமங்கலம் என்று தேடினால் வந்து நிற்கிறது. இளவரசன் வேலை பார்க்கிற லேத் பட்டறையில் ஆளாளுக்குப் போட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். பாடியவர் என்ற இடத்தில் பெயர் இல்லை, சாதி இருந்தது. சேகரித்தவர் செந்தமிழன் என்று மட்டும் கொட்டை எழுத்தில், போட்டோவோடு.

யமுனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையைப் பூட்டினாள், பஸ் பிடித்தாள். அதைப் போட்டிருந்த குரல் களஞ்சியம் என்கிற ஆபீஸ் தில்லை நகரில் ஒரு மாடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் செந்தமிழன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். உப்பிலியபுரத்துப் பையன், அவள் சொந்த ஊர்க்காரன்தான். அக்கா எழவுக்கு ஊர்க்காரர்களோடு வந்து, ஓரமாகப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"உங்க சித்தப்பா வீரமலை அய்யாகிட்ட கேட்டோமே, அக்கா. தாராளமா எடுத்துக்கன்னாரு."

"அழுதது அவரா?"

 அதற்கு அவன் பெரிய பெரிய வார்த்தையாக ஆரம்பித்தான். பெரிய இடத்துப் பாட்டையும் ஏட்டையுமே இத்தனை நாள் சேர்த்தார்களாம், எளிய பெண்களின் குரலுக்கும் நியாயம் கிடைக்கத்தான் இந்தக் களஞ்சியமாம்.

"நியாயமா? என் புள்ளைய என்கிட்டேருந்து பிரிச்சுட்டீங்களே! எடுங்க அதை."

"நான் நெனச்ச மாதிரி எடுக்க முடியாதுக்கா. கமிட்டி கூடணும். வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்கும் ஒரு காப்பி போயிருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஒண்ணு பண்ணலாம். பேரையெல்லாம் விட்டுட்டு அதே மாதிரி இன்னொரு தடவை பாடிக் குடுங்க. அதைக் காட்டி மாத்தச் சொல்லிக் கேக்குறேன்."

அடப்பாவி! பிணம் இல்லாத இடத்தில் எவளாவது ஒப்பாரி வைப்பாளா? வீட்டில் முணுமுணுத்தாலே பெரியவர்கள் வாயில் அடிப்பார்கள். அந்த ஊரில் பிறந்தவனுக்கு இது தெரியாதா?

"சரி, மிஷினைப் போடு" என்றாள்.

அவன் ஆசையாக ரெக்கார்டரை வைத்தான். யமுனா கூந்தலை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு எடுத்தாள் பாருங்கள் ஒரு குரல்!

*பட்டம் படிச்ச மகனே, பாவி செந்தமிழா,*
*பெத்தவளைத் தவிக்கவிட்டுப் பாடையில போனியே...*

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்து அறையிலிருந்த பெண் ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நிறுத்துங்க! எங்கம்மா உசிரோட இருக்காங்க! நானும் உசிரோட இருக்கேன்க்கா!" ரெக்கார்டரை எடுத்து அழுத்தினான். ஒரு விரல்தான் பட்டது. அவனுக்கு வைத்த ஒப்பாரி அழிந்தது.

யமுனா எழுந்து கூந்தலை அள்ளி முடிந்தாள். "உன்னோடதை அழிக்க எந்தக் கமிட்டி கூடுச்சு?"

 அவன் உட்கார்ந்து எதையெதையோ தட்டினான். அவள் அழுகை இருந்த பக்கம் இன்டர்நெட்டிலிருந்து மறைந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கும் உடனே எழுதினான். எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

அங்கிருந்தே இளவரசனுக்குப் போன் போட்டு, "எடுத்தாச்சு மாமா" என்றாள்.

"எடுத்தா? பட்டறையில ஒவ்வொருத்தன் போன்லயும் இருக்கு. எங்கம்மா ஒரு வாரமா வாசலுக்கு வரல. ஒப்பாரியை நீயே வித்துட்டேன்னு அழுவுது." பின்னால் சுபலட்சுமி "சித்தியாப்பா?" என்று கேட்டது. போன் கட்டானது.

 அழகம்மாள் நினைத்துக்கொண்டிருப்பது இதையா? அக்காவின் சாவை யமுனா காசுக்கு விற்றாள் என்றா? 

"நான் வேணா மன்னிப்புக் கேட்டு வெப்சைட்ல ஒரு குறிப்பு போடுறேன்க்கா" என்றான் செந்தமிழன்.

"உன் வெப்சைட்டை எங்க அழகம்மா அத்தை படிக்குமா?" அவன் சட்டைக் கையைப் பிடித்து மாடிப்படியில் இறக்கினாள். தெருவில் போன ஆட்டோவைக் கை தட்டி நிறுத்தினாள். "அரியமங்கலம் போங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஏறு. இவளுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் இவளைக் கேக்காம எடுத்துப் போட்டேன்னு அந்தம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லு. தெருவே கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லு. எவன் வேணா போன்ல எடுத்துக்கட்டும்."