மாற்று வேட்பாளர்

குழாயம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். ஊராட்சித் தலைவியாக வந்த புதிதில், எல்லாத் தெருவுக்கும் குழாய் வரும்வரை நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டே கையெழுத்துப் போட்ட பிடிவாதக்காரி அவள். தண்ணீர் வந்ததும் கேலி பேசியவர்களே அந்தப் பெயரை மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். இப்போது கட்சி அவளைச் சட்டமன்றத்துக்கே நிற்கச் சொல்லிவிட்டது. மலையடிவாரத்தில் இருக்கும் வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்ற ஊராட்சியின் கை எட்டாது. சட்டமன்றத்தில் எழுந்து நின்று கேட்டால்தான் நடக்கும். அதனால் அந்தப் பதவி அவளுக்கு வேண்டியிருந்தது. பெரிய தலைவர்கள் சொல்வதுபோல் 'எனக்குப் பதவி ஆசை இல்லை' என்று சொல்லவெல்லாம் அவளுக்கு வராது.

தேர்தலில் ஒரு வழக்கம் உண்டு. வேட்பாளரின் மனு ஏதாவது கோளாறில் தள்ளுபடியாகிவிட்டால் கட்சி அம்போ என்று நிற்கக் கூடாதே என்று, கூடவே மாற்று வேட்பாளர் என்று இன்னொருவரையும் மனுப்போட வைப்பார்கள். முதல் மனு தேறிவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"யாரைப் போடலாம்மா?" என்று கட்சிச் செயலாளர் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

"என் தம்பி இருக்கானே."

அம்மா ஆலை வேலைக்குப் போன காலத்தில் அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் இவள்தான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் என்பது அவள் கணக்கு. மனப்பாடம் என்றால் மட்டும் அவனுக்கு வேப்பங்காய். பள்ளி விழாவில் நாலு வரிப் பாட்டுச் சொல்ல மேடையேறி மரம்போல நின்றான். திரைக்குப் பின்னால் நின்று இவள் ஒவ்வொரு வரியாகக் கிசுகிசுத்துத்தான் மானத்தைக் காப்பாற்றினாள். கழுதை வயதாகியும், கூட்ட முடிவில் 'அனைவருக்கும் நன்றி' என்பதைக்கூடத் துண்டுச்சீட்டைப் பார்த்துத்தான் வாசிப்பான்.

மனுத்தாக்கலின் கடைசி நாள் அது. தேர்தல் அலுவலகத்து வாசலில் கூட்டம் கொட்டடித்துக்கொண்டிருந்தது. உள்ளே மனுக்களை வாங்கிக்கொண்ட அதிகாரி, யாரோ கூப்பிட்டார்கள் என்று அடுத்த அறைக்குப் போனார். மேசையோரத்து எழுத்தர், "உறுதிமொழி எடுக்கணும்" என்று ஃபைலைப் பார்த்தபடியே முனகினார்.

"எடுத்துட்டே போயிடலாமேடா" என்றாள் அவள்.

"அது நாளைக்கு மனுப் பரிசீலனையப்பதான் அக்கா. நான் எல்லாம் விசாரிச்சுட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்தே எடுத்துக்கலாம். வெளிய ஜனம் வெயில்ல காயுது, நீ முதல்ல அவங்களைப் பாரு. நான் ரசீது வாங்கிட்டு வரேன்."

அவள் போனாள். சொன்னவன் தம்பி ஆயிற்றே, அப்புறம் என்ன விசாரணை?

மறுநாள் அதே அறையில், அதே அதிகாரி, தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்: "பரிசீலனைக்கு முந்தின நாளே உறுதிமொழி எடுத்திருக்கணும். நீங்க எடுக்கலை. மனு தள்ளுபடி. மாற்று வேட்பாளர் எடுத்திருக்கார். அவரோடது ஏற்கப்படுது."

அவள் திரும்பிப் பார்த்தாள். தம்பி கண் கலங்கி நின்றான்.

"நீ போனதும் அதிகாரி வந்து உறுதிமொழி அட்டையைக் கையில திணிச்சுட்டாரு அக்கா. என்னன்னு யோசிக்கறதுக்குள்ள வாசின்னுட்டாரு. தட்டுத்தடுமாறி வாசிச்சேன். உனக்குப் போன் போட்டேன், போகலை. அப்புறம் அந்தக் கூட்டத்துல மறந்தே போச்சு. என்னைச் செருப்பால அடி."

அடிக்கவில்லை. நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், வளர்த்தவள்! காரில் வரும்போது அவன்தான் அழுதான், அவள்தான் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வீட்டுக் கூடத்தில் ஆள் நிறைந்திருந்தது. "ஒரே வீட்டு ஆள்தானே, யார் நின்னா என்ன?" என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். செயலாளரும் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க ஜீப்புல நின்னு கையை ஆட்டினா போதும்மா. ஓட்டு எப்படியும் உங்க முகத்துக்குத்தானே."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு வேறொரு ஏக்கம் இருந்தது. சூது எதுவும் இல்லாமல்தான் கேட்டாள்.

"அந்த உறுதிமொழியில என்னதான்டா இருந்துச்சு? என் வாயால சொல்லக் குடுத்துவைக்கலை, காதாலயாவது கேக்கறேன். ஞாபகம் இருக்கறதைச் சொல்லேன்."

கூடம் முழுக்க அவனையே பார்த்தது. புது வேட்பாளர் அல்லவா? தம்பி எழுந்தான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான், நெஞ்சை நிமிர்த்தினான்.

"சட்டமன்றத்தின் இடமொன்றை நிரப்புவதற்கு வேட்பாளராக நியமனம் பெற்றுள்ள நான், இந்திய அரசமைப்புச் சட்டத்தின்பால் உண்மையான நம்பிக்கையும் மாறாத பற்றும் கொண்டிருப்பேன் என்று உளமார உறுதி கூறுகிறேன்..."

ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வாங்கி, குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏற்றி, கடைசிச் சொல்வரை கணீரென்று சொல்லிமுடித்தான். இரண்டு பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள்.

அவள் கைதட்டவில்லை. நாலு வரிப் பாட்டு ஏறாத மண்டை. நன்றிக்குத் துண்டுச்சீட்டுத் தேடும் வாய். அட்டையைத் திடீரென்று திணித்தார்களாம், தட்டுத்தடுமாறினானாம்! கண்ணாடி முன்னால் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருந்தால் இப்படி வரும்? அவள் வேட்பாளர் ஆனதற்குச் சந்தோஷப்பட்டுக் கட்டிக்கொண்டானே, அப்போதே ஆரம்பித்திருப்பானோ? வலித்தது. பதவி போனதைவிட, சற்றுமுன் அவன் முதுகைத் தடவிக்கொடுத்த கைதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"அன்னைக்கு மேடையில நான் பின்னால நின்னு சொல்லிக்குடுத்தேன்" என்றாள். "இதை யாருடா சொல்லிக்குடுத்தா?"

தம்பியின் கண் அவனையும் அறியாமல் செயலாளர் பக்கம் ஓடியது. செயலாளருக்கு அந்த நேரம் பார்த்துத் தன் செல்போனில் அவசர வேலை வந்துவிட்டது. எல்லாம் விளங்கிவிட்டது. ஓட்டுக்கு அவள் முகம், நாற்காலிக்குச் சொன்னபடி ஆடும் பொம்மை.

கைதட்டியவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"சரி, ஜீப்புக்கு வரேன்" என்றாள் அவள். "ஆனா கையை ஆட்ட இல்லை. மைக்கை என்கிட்ட குடுங்க. ஒவ்வொரு ஊர்லயும் இவன் இதே மாதிரி பார்க்காம சொல்லட்டும். இது இவனுக்கு எப்படி மனப்பாடம் ஆச்சுன்னு நான் சொல்றேன்."

தம்பி வாயைத் திறந்தான்.

"அ... அக்..."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவனுக்கு நாக்குத் தடுமாறியது.