அம்மாசி உருண்டையில் பாதி

செவலை மூன்றாம் தடவை தரையில் புரண்டபோதுதான் வீரபாகு டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். விடிந்ததிலிருந்து லத்தி போடவில்லை. வயிறு உப்பி, தன் விலாவைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்தது. எங்கள் ஜட்காவுக்கு அந்த ஒரு குதிரைதான்.

அதற்கு முன்பே லாடம் அடிக்கிற அம்மாசி வந்து, கறுப்பாக ஒரு மருந்து உருண்டை கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதில் என்ன இருக்கிறதென்று கேட்டால் சொல்ல மாட்டான். முழுசாகக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பாதியை வெல்லத்தில் பொதிந்து தின்ன வைத்தேன். மீதியை வேட்டி மடியில் முடிந்துகொண்டேன்.

டாக்டரையும் நான் நம்புகிறவன் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சர்க்கார் டாக்டர், மூக்கு ஒழுகுகிறது என்று என் பழைய குதிரையைச் சுடச் சொன்னார். சுட்டுவிட்டார்கள்.

வீரபாகு பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே கேட்டார். "பெரியவரே, நாட்டு மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?"

சொன்னால் பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுவார்.

"இல்லீங்க சாமி."

பின்னால் என் பெண்டாட்டி மாரக்காள் இருமினாள். நான் திரும்பவில்லை.

மருந்து உள்ளே போனதும் புரளல் நின்றது. டாக்டர் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். மாரக்காள் கிட்டே வந்தாள்.

"ஏனுங்க, அம்மாசியவும் நம்பல, இவரயும் நம்பல. ரெண்டு பேரயும் ஏச்சுப்போட்டு அந்த வாயில்லாத சீவன் வயித்துல பஞ்சாயத்து வெக்கறீங்களா?"

"வாய மூடு புள்ள. வலி நின்னுருச்சல்ல?"

நின்றது வலி மட்டுமில்லை. செவலையின் தலை தொங்கியது. முன்னங்கால் மடங்கி அப்படியே சாய்ந்துவிட்டது. டாக்டர் ஈரக் கையோடு ஓடிவந்து, நெஞ்சில் காது வைத்து, கண் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"நான் குடுத்தது வலி அடக்குற தூக்க மருந்து. அந்த அளவுக்கு இப்படி விழாது. நெசத்தச் சொல்லுங்க."

என் கை மடிக்குப் போனது. முடிச்சை அவிழ்த்தேன். உருண்டை வியர்வையில் இளகி வேட்டியோடு ஒட்டிக் கிடந்தது. அவர் நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"அபினி," என்றார். திட்டவில்லை. பெட்டியைத் திறந்து ஊசி எடுத்தார்.

ஒரு ஈ செவலையின் கண்ணோரம் வந்து உட்கார்ந்தது. மாரக்காள் விரட்டக் கை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். செவலை தானாகத் தோலைச் சிலிர்த்து ஈயை விரட்டுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.